எலியும் அதன் மேல் ஏறிவரும் பயணிகளும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நின்று வாசிப்பவர் ஒருவர் என்றாலும் இந்த உரை பலருடையது. இக்கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் ஒரே நீண்ட மேசையைச் சுற்றி நின்று கரப்பான் பூச்சியையும் எலியையும் கீறிப் படித்த நாங்கள், பின்னர் வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்களாகவும் விஞ்ஞான ஆசிரியைகளாகவும் பிரிந்து போனோம். நூற்றாண்டு விழாவில் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கம் கேட்டபோது, நீரிழிவா, குருதி அமுக்கமா, மார்பகப் புற்றுநோயா என்று பலவற்றையும் யோசித்தோம். அவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஆகவே எலியைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தோம். விழா மேடையில் எலியா என்று செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். உரை முடியும்போது எங்கள் தெரிவு சரி என்று அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

எலியைப் பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த வாகனத்தில் நாம் வணங்காத வேறு பயணிகளும் ஏறிவருகிறார்கள். தெள்ளு, சிற்றுண்ணி, உண்ணி, பேன் ஆகியன எலியின் மயிருக்குள்ளும் காதுமடலுக்குள்ளும் வாழும் புற ஒட்டுண்ணிகள். எலியிலிருந்து மனிதருக்கு வந்த பெரும் நோய்கள் பலவற்றை எலி நேரே கொண்டு வரவில்லை. இந்தச் சிறு பயணிகளே இறங்கி எம்மிடம் வந்தன. இதைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் எடுத்தன. அந்தக் கதையில் எமது கொழும்பு நகருக்கும் ஒரு பங்கு உண்டு.

வாகனங்கள்

முதலில் வாகனங்களைப் பார்ப்போம். எமது ஊர்களில் எலி என்பது ஒரே பிராணி அல்ல. கூரை வளையிலும் தென்னை வட்டிலும் ஓடித்திரிவது வீட்டெலி. துறைமுகங்களிலும் நகரத்துக் கழிவு வாய்க்கால்களிலும் இருப்பது உடல் பருத்த மண்ணிற எலி. வயல் வரம்பைக் குடைந்து நெற்கதிரை வளைக்குள் இழுத்துச் சேமிப்பது அகழான். கிணற்றடியிலும் கொல்லையிலும் மண்ணைக் கிளறிக் குவிப்பது பெருச்சாளி. அதன் ஆங்கிலப் பெயரான 'பாண்டிகூட்' என்பது 'பன்றி எலி' எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து போனது. மணற்பாங்கான வெளிகளில் வளை தோண்டி வாழ்வது வெள்ளெலி. மூஞ்சூறு தோற்றத்தில் எலிபோல் இருந்தாலும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததல்ல. ஆயினும் அதன் உடலிலும் இதே பயணிகள் ஏறுகிறார்கள்.

வீட்டுக்குள் வாழும் எலியும் வெளிக்காட்டில் வாழும் எலியும் தனித்தனி உலகங்களில் இருந்தால் எமக்குக் கவலை குறைவு. இரண்டும் சந்திக்கும் இடங்கள் உண்டு. வயலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பற்றை, விறகு அடுக்கிய கொட்டில், வைக்கோற்போர், ஆளில்லாத வீடு ஆகியன அவை. அங்கே ஓர் எலியின் பயணிகள் மற்றோர் எலிக்கு மாறுகின்றன. நாமும் கால் வைக்கும் இடங்கள் அவையே.

கொழும்பில் எண்ணப்பட்ட தெள்ளுகள்

தெள்ளு பரப்பிய நோய்களில் மிகக் கொடியது பிளேக். 1894 இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் அந்த நோயின் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். 1896 இல் நோய் பம்பாயை அடைந்தது. எலிகள் கூரையிலிருந்து விழுந்து சாகத் தொடங்கினால் அடுத்தது மனிதர் என்பதை இந்தியக் கிராமத்தவர் அறிந்திருந்தனர். எலி விழுந்தால் ஊரை விட்டு வெளியேறினர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் அம்மன் கோயில்கள் இருக்கின்றன என்றால், அந்த அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை ஊகிக்கலாம். எலிக்கும் மனிதருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதுதான் எவருக்கும் புரியவில்லை.

1898 இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் அதை எளிய சோதனையால் காட்டினார். பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நோயுற்ற எலியை அதன் தெள்ளுகளோடு விட்டார். அதே பாத்திரத்தில், ஒன்றையொன்று தொட முடியாதபடி கம்பிக் கூண்டுக்குள் நல்ல எலியொன்றை வைத்தார். நோயுற்ற எலி இறந்தது. எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் வேறு உடல் தேடிப் பாய்ந்தன. சில நாட்களில் கூண்டுக்குள் இருந்த எலியும் பிளேக்கால் இறந்தது. அவர் சொன்னதை அக்காலத்துப் பெரியவர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. பின்னர் இந்தியாவில் நடந்த விரிவான ஆய்வுகளே அவர் கூறியது உண்மை என நிலைநாட்டின.

இலங்கைக்குப் பிளேக் வந்தது 1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அக்காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் தடுப்பு முகாம்களில் நாட்கணக்கில் மறித்து வைக்கப்பட்டார்கள். மண்டபம் முகாம் என்ற பெயர் மலையகக் குடும்பங்களின் நினைவில் இன்றும் கசப்போடு இருக்கிறது. ஏழை மனிதரின் உடலைச் சோதிக்கவும் அவரது துணிமணியை அவிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய தானிய மூடைக்குள் இருந்த எலியையோ அதன் தெள்ளையோ எவரும் மறிக்கவில்லை. நோய் முதலில் வேரூன்றியது புறக்கோட்டையில், தானியக் களஞ்சியங்கள் நிறைந்த பகுதியில்.

அப்போது கொழும்பு மாநகர நுண்ணுயிரியலாளராக இருந்தவர் ஃபேபியன் ஹேர்ஸ்ட். நகரத்தில் பிடிபட்ட எலிகளின் மயிரை வாரித் தெள்ளுகளைச் சேகரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் இனம் பிரித்து எண்ணினார். வெறுங்கண்ணுக்கு எல்லாத் தெள்ளும் ஒன்றே. அவர் கண்டது இரண்டு நெருங்கிய உறவினங்களை. ஒன்று செனோப்சில்லா கியோபிஸ், மற்றது செனோப்சில்லா அஸ்தியா. கொழும்பில் பரவலாக இருந்தது அஸ்தியா. அது பிளேக்கைப் பரப்புவதில் திறமை குறைந்தது. களஞ்சியத் தூசியில் குடம்பிகளை வளர்த்துத் தானியத்தோடு ஊர் மாறும் கியோபிஸ் எங்கே நிறைந்திருந்ததோ அங்கேதான் பிளேக் நிலைத்தது. பம்பாய் பட்ட பாட்டைச் சென்னையும் கொழும்பும் படாமல் தப்பியதற்கு இந்தச் சின்ன வேறுபாடு முக்கிய காரணம் என்று அவர் வாதிட்டார். தெள்ளு எண்ணுவது சிரிப்புக்குரிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் களஞ்சியத்தை எலி புகாதவாறு கட்ட வேண்டும், எந்தத் தெருவில் முதலில் வேலை தொடங்க வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கைதான் காட்டியது. அவர் பின்னர் 1953 இல் பிளேக் பற்றி எழுதிய பெருநூல் இன்றும் மதிக்கப்படுகிறது. 1938 இன் பின் இலங்கையில் பிளேக் நோயாளி எவரும் பதிவாகவில்லை.

தெள்ளு எவ்வாறு நோயைக் கொடுக்கிறது என்பதும் அதே 1914 இல்தான் லண்டனில் பக்கொட், மார்ட்டின் என்ற இருவரால் விளக்கப்பட்டது. நோயுற்ற எலியின் குருதியோடு உள்ளே போன பற்றீரியா, தெள்ளின் இரைப்பை வாசலில் பெருகித் திரண்டு அடைத்துவிடுகிறது. குடித்த குருதி இரைப்பைக்குப் போகாது. பசி தாங்காத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய குருதி அடைப்பில் மோதித் திரும்புகையில் பற்றீரியாவும் சேர்ந்து கடிவாய்க்குள் போகிறது. தானே பட்டினியால் சாகப்போகும் ஒரு பூச்சிதான் ஊரையும் சாகடித்தது.

மாணவச் செல்வங்களுக்காக இங்கே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல விரும்புகிறோம். கியோபிஸ் தெள்ளுக்கு 1903 இல் பெயரிட்டவர் சார்ள்ஸ் றொத்சைல்ட். சூடானில் நைல் நதிக்கரையில் கிடைத்த அதற்கு எகிப்தியப் பிரமிட் மன்னன் ஒருவனின் பெயரை வைத்தார். அவருடைய மகள் மிரியம் றொத்சைல்ட். பள்ளிக்கூடத்துக்கு முறையாக அனுப்பப்படாத பெண் அவர். தந்தை சேர்த்து வைத்த பல்லாயிரம் தெள்ளு மாதிரிகளைப் பல தொகுதிகளாக விவரித்து எழுதினார். தெள்ளு எவ்வாறு அவ்வளவு உயரம் பாய்கிறது என்பதை ஆராய்ந்தார். முயலின் உடலில் ஏற்படும் ஓமோன் மாற்றமே அதன் மேலுள்ள தெள்ளின் இனப்பெருக்கத்தை இயக்குகிறது என்று காட்டினார். 1985 இல் லண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். உங்களுக்கு ஆய்வுகூடமும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். அருவருப்பு என்று ஒதுக்கும் பொருளிலும் ஒரு வாழ்நாள் முழுவதற்குமான கல்வி இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

ஆளில்லா வீடுகள்

பிளேக் பழங்கதை என்று நாம் நினைத்திருந்த காலத்தில், 1994 இல் இந்தியாவின் சூரத் நகரிலிருந்து மக்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். சூரத்துக்கு முன் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக் கிராமமொன்றில் நோய் தோன்றியிருந்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் எங்கள் கவனத்துக்குரியது. 1993 செப்டெம்பரில் அம்மாநிலத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சேதமடைந்த வீடுகளை விட்டு மக்கள் வெளியேறித் தற்காலிகக் குடில்களில் வாழ்ந்தார்கள். கைவிட்ட வீடுகளுக்குள் தானியம் இருந்தது. அதைத் தின்று எலிகள் பெருகின, எலிகளோடு தெள்ளுகளும் பெருகின.

இதை வாசித்தபோது எங்களுக்கு எமது ஊர்கள்தான் கண்முன் வந்தன. ஆளில்லா வீடு என்றால் என்னவென்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்வு, பாதுகாப்பு வலயம், முட்கம்பி, கூரையில்லாச் சுவர், முற்றத்தில் முளைத்த மரம். மீண்டும் போனபோது வன்னியிலும் வலிகாமம் வடக்கிலும் பலருக்கு வீட்டுக்கு முன் கிடைத்தது காடு. அதை வெட்டித் துப்பரவாக்கியே அடுப்பு மூட்டினார்கள். இன்று போர் இல்லை. ஆனாலும் குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிய வீடும் பற்றை மண்டிய வளவும் இருக்கின்றன. உரிமையாளர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் சிலர் இருக்கிறீர்கள். உங்களைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இனி நாங்கள் பேசப்போகும் நோயின் இருப்பிடம் அதுவென்பதால் சொல்கிறோம்.

பற்றையிலிருந்து வரும் காய்ச்சல்

அந்த நோயின் பெயர் ஸ்கிரப் டைபஸ். 'ஸ்கிரப்' என்ற ஆங்கிலச் சொல் பற்றைக்காட்டைக் குறிக்கும். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டிலும் நாயிலும் நாம் காணும் உண்ணி இதற்குக் காரணமல்ல. காரணம் சிற்றுண்ணி. அதன் குடம்பி ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்களவே இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசி, கூர்ந்து பார்த்தால் செம்மஞ்சள் புள்ளி.

இந்தச் சிற்றுண்ணியின் வாழ்க்கை விசித்திரமானது. வாழ்நாளில் குடம்பிப் பருவத்தில் மட்டுமே, அதுவும் ஒரே தடவைதான், பிராணியின் உடலில் ஏறி உணவெடுக்கிறது. புல்நுனியிலோ சருகின் மேலோ காத்திருந்து, அவ்வழி போகும் எலியில் ஏறி, சில நாட்கள் ஒட்டியிருந்து, விழுந்துவிடும். பிறகு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்ந்து முடிக்கும். நோய்க்கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. ஆகவே நோயின் உண்மையான களஞ்சியம் சிற்றுண்ணிதான். எலி அதற்குச் சோறும் வாகனமும். எலி எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் சிற்றுண்ணி இறங்கிக் குடியேறுகிறது. எலிக்குப் பதிலாக மனிதக் கால் வந்தால் அதில் ஏறுகிறது.

இலங்கையில் இது புதிய நோயல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எம்பிலிப்பிட்டியக் காட்டில் பயிற்சி பெற்ற படைவீரர்களிடையே இது பரவியது. அதன் பின் நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில் வடமாகாணம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் ஆய்வுகூடச் சோதனை மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது. எலித் தெள்ளு பரப்பும் இன்னொரு டைபசும் வடக்கில் உண்டு. அங்கே பிளேக்கின் பழைய நண்பன் கியோபிஸ் தெள்ளுதான் மீண்டும் வருகிறது. ஆனால் அதன் கடி வழியாக அல்ல, கடித்த இடத்தை நாம் சொறியும்போது அதன் எச்சத்தின் வழியாகக் கிருமி உட்செல்கிறது. மலைநாட்டில் உண்ணி வழி பரவும் புள்ளிக் காய்ச்சல் அதிகம் காணப்படுகிறது. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவுகள்.

சிற்றுண்ணி கடிப்பது தெரியாது. வலி இல்லை. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாட்கள் கழித்துக் கடும் காய்ச்சல், தலையிடி, உடல் உளைவு. கழுத்திலோ அக்குளிலோ கவட்டிலோ நெறி கட்டும். சிலருக்கு இருமல், சிலருக்கு வயிற்றுவலி. எமது நாட்டில் காய்ச்சல் என்றதும் டெங்குவையே முதலில் நினைக்கிறோம். அதுவும் சரியே. ஆனால் குருதிச் சோதனை செய்து டெங்கு இல்லை என்று வந்ததும் பலர் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பனடோலோடு படுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று நீள்கிறது. பின்னர் சுவாசப்பையும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்ட நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், இதற்கு மருந்து உண்டு, அது மலிவானது. டொக்சிசைக்ளின் குளிசையை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலோருக்கு இரண்டொரு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணித் தாய்மாருக்கு அசித்ரோமைசின் உண்டு. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று இந்திய வைத்தியசாலைகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2023 இல் காட்டியது. சோதனை முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே வைத்தியர் மருந்தைத் தொடங்கலாம். ஆனால் சந்தேகம் வர வேண்டுமே! அந்தச் சந்தேகத்தைத் தருவது பல வேளைகளில் உடம்பிலுள்ள ஓர் அடையாளம்தான்.

மறைத்து வைக்கும் புண்

சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு சிறு புண் உண்டாகும். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வட்டம். சிகரட்டால் சுட்ட தழும்பு போலிருக்கும். நோவு இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் இராது. இருந்தால், நோயைக் கண்டுபிடிக்க அதைவிட விரைவான வழியில்லை. சோதனைக் குழாயும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம், ஒரு சோடிக் கண் போதும்.

ஆனால் அது எங்கே இருக்கும்? சிற்றுண்ணி மெல்லிய, மறைவான தோலைத் தேடிப் போகும். ஆடை இறுகும் இடத்தில் நின்றுவிடும். அக்குள், இடுப்புப் பட்டியின் கீழ், கவடு, தொடையிடுக்கு, பெண்களில் மார்பின் கீழ் மடிப்பு. ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு இல்லாமல் வெளிறிய சிறு புண்ணாக மட்டும் இருக்கும்.

இந்த உரையைப் பெண்கள் கூடிய இந்த அவையில் நிகழ்த்த விரும்பியதற்குக் காரணம் இதுதான். எமது பெண்கள் காட்ட மாட்டார்கள். விடுதிகளில் நாங்கள் மீண்டும் மீண்டும் காண்பது இது. "வேறெங்கேயும் புண் ஏதும் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி "இல்லைப் பிள்ளை" என்று ஒரே பதில். ஆண் வைத்தியர் என்றால் கேள்வியே தொடராது. பக்கத்தில் மகனோ மருமகனோ நின்றால் தாய் வாய் திறக்கமாட்டார். பதினாறு வயதுப் பிள்ளை தாய்க்குக்கூடச் சொல்லாது. புல்லறுத்தவர், விறகு பொறுக்கியவர், வளவு கூட்டியவர், தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கியவர் பெரும்பாலும் பெண்களே. நோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு, அடையாளத்தை மறைக்கும் பழக்கமும் அவர்களிடமே உண்டு.

அடக்கம் ஒரு நல்ல குணம் என்று இக்கல்லூரி எமக்குக் கற்பித்தது. அதை மறுக்கவில்லை. அறிவோடு சேர்ந்த அடக்கத்தையே இக்கல்லூரி கற்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு இருக்கும் பெண், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் தன் உடலைத் தானே முழுதாகப் பார்க்கட்டும். முடியாவிட்டால் தாயோ அக்காவோ பார்க்கட்டும். மருந்தகத்தில், "பெண் வைத்தியரோ தாதியோ பார்க்க வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள். வைத்தியத் துறையிலுள்ள எங்கள் தங்கைமாருக்கும் ஒன்று: திரையை இழுத்துவிடுங்கள், உறவினரை வெளியே நிற்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் செலவழியுங்கள். அந்த ஐந்து நிமிடம் ஓர் உயிரின் விலை.

நீரின் வழியாக

எலியைப் பற்றிப் பேசும்போது எலிக்காய்ச்சலைச் சொல்லாமல் விட முடியாது. அதில் பயணிகள் எவரும் இல்லை. எலியின் சிறுநீரே நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உட்செல்கிறது. 2008 இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள், இருநூறு வரையானோர் இறந்தார்கள். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தவர்களுக்கு இருந்ததும் எலிக்காய்ச்சலே எனச் சோதனைகள் காட்டின. வயலில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை முற்காப்பாகக் கொடுப்பதும் அதே டொக்சிசைக்ளின்தான். விதைப்புக்கு முன் போய்க் கேட்டு வாங்குங்கள். வாங்கிய குளிசையை அலமாரியில் வைக்காமல் குடியுங்கள்.

செய்யக்கூடியவை

எலியை முற்றாக அழிக்க எவராலும் முடியவில்லை. நாமும் அதற்கு முயல வேண்டியதில்லை. வாகனத்துக்கும் எமக்கும் இடையே தூரம் வைத்தால் போதும்.

வீட்டைச் சுற்றிப் பற்றையும் உயர்ந்த புல்லும் இல்லாமல் ஒரு வெளி இருக்கட்டும். முற்றம் கூட்டிப் பெருக்கும் எமது பாட்டிமாரின் பழக்கத்துக்குள் இந்த அறிவு இருந்தது. விறகையும் பழைய ஓட்டையும் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். நெல்லையும் கோழித்தீனையும் மூடிய பாத்திரத்தில் வையுங்கள். தேங்காய்ப்பூ, சோறு கலந்த குப்பையை இரவில் திறந்து விடாதீர்கள்.

வளவு துப்பரவாக்கும்போது நீளக்காற்சட்டை, சப்பாத்து, நீளக்கைச் சட்டை அணியுங்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். வேலியிலும் புல்லிலும் துணி காயப்போடாதீர்கள். புல்தரையில் வெறுமனே இருக்காதீர்கள். வேலை முடிந்ததும் அதே உடையோடு தேநீர் குடித்து இளைப்பாறாமல், உடனே உடை களைந்து வெந்நீரில் ஊறவைத்து, சவர்க்காரம் தேய்த்துக் குளியுங்கள். உடலில் ஏறிய சிற்றுண்ணி கடிப்பதற்கு இடம் தேடி அலையும் நேரத்துக்குள் அதைக் கழுவிவிடலாம்.

செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள். சிமோன் கண்டதை நினைவில் வையுங்கள். எலி குளிர்ந்ததும் அதன் தெள்ளு அடுத்த உடலைத் தேடும். பல எலிகள் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். எலி நஞ்சை மட்டும் அள்ளி வைத்து, தெள்ளைப் பற்றி யோசியாமல் விடுவது, வாகனத்தை எரித்துப் பயணிகளை எமது வாசலில் இறக்கிவிடுவது போன்றது.

புலம்பெயர்ந்து வாழும் சகோதரிகளுக்கு இரண்டு வேண்டுகோள். விடுமுறையில் வந்து பூட்டிய வீட்டைத் திறந்து, வளவைத் துப்பரவாக்கித் திரும்பியபின் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அங்குள்ள வைத்தியருக்கு "இலங்கையில் இருந்தேன், பற்றை வெட்டினேன், எலி உலாவும் வீட்டில் படுத்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த நாடுகளில் இந்த நோயை வாழ்நாளில் ஒருமுறையும் பார்க்காத வைத்தியர்களே அதிகம். ஸ்கிரப் டைபஸ் என்ற பெயரையும் நீங்களே சொல்லலாம், தவறில்லை. இரண்டாவது, உங்கள் வளவைப் பற்றியது. காணியை விற்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் குடும்ப விடயம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், கூலி கொடுத்துப் பற்றையை வெட்டுவியுங்கள். வெட்டுபவருக்குச் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் வேலிக்கு அப்பால் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை அநேகமாக இதே கல்லூரியில்தான் படிக்கிறது.

செயற்குழுவின் முன் ஒரு யோசனையையும் வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாகப் பல திட்டங்கள் பேசப்படுகின்றன. அவற்றோடு, ஆண்டுதோறும் மாரிக்கு முன், கல்லூரிச் சூழலிலுள்ள ஆளில்லா வளவுகளைப் பட்டியலிட்டு, உரிமையாளரின் சம்மதத்தோடு துப்பரவாக்கும் ஒரு சிறு நிதியத்தைச் சங்கம் ஏற்படுத்தலாம். உரிமையாளர்களைத் தேடிப் பிடிப்பது பிரதேச சபைக்குக் கடினம். எமக்கு அது கடினமல்ல. அவர்களில் பலர் எமது அங்கத்தவர் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.

 வீட்டுக்குப் போனதும் இரண்டு செய்திகளை அம்மாவுக்கும் மகளுக்கும் சொல்லுங்கள்: காய்ச்சல் வந்தால் எங்கே போனோம் என்பதைச் சொல்ல வேண்டும், எங்கே புண் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.